எட்டு மணிக்குப் பிறகுதான் திருவிழா

பாம்ப்லோனாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜூலை 6ஆம் தேதி பகல் 12 மணிக்கு நகராட்சிக் கட்டடத்தின் மாடத்திலிருந்து வாணம் கிளம்பும்வரை யாரும் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டக் கூடாது. மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம், இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடிக்கலாம். வாணம் வெடித்ததும் சதுக்கத்தில் நெருக்கியடித்து நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு 14ஆம் தேதி நள்ளிரவுவரை, வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டுமாகத்தான் ஊர் நடமாடும். ஸ்பெயினின் வடக்கே, நவார்ரா மாநிலத்தின் தலைநகரம் இது. விழா, புனிதர் சான் ஃபெர்மினுக்கு. முன்பு அக்டோபரில் நடந்ததை வெயில் காலத்துக்கு மாற்றியது 1591இல்.

உலகம் இந்த ஊரைத் தெரிந்துகொண்டது எழுத்தாளர் ஹெமிங்வேயால். 1923இல் முதன்முறையாக வந்தவர், 1926இல் ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ நாவலில் இதை எழுதினார். நம் இளைஞர்களுக்கு 2011இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ இந்திப் படம் போதுமானதாக இருந்தது. முதுகுப்பையோடு வருகிற முக்கால்வாசிப் பேர் காளை ஓட்டத்துக்காகவே வருகிறார்கள். அறை வாடகை அந்த ஒன்பது நாளும் எட்டாத உயரத்தில் இருக்கும். அதனால் சிலர் சான் செபாஸ்தியானில் தங்கி, ஒரு மணி நேர பஸ் பயணத்தில் வந்துபோகிறார்கள். பலர் கோட்டையைச் சுற்றியுள்ள புல்வெளியில் படுத்துவிடுகிறார்கள். பையைக் காசு கொடுத்துப் பாதுகாப்பு அறையில் வைத்துவிடுவது நல்லது. திருட்டு ஒரு காரணம். அந்த நெரிசலில் முதுகில் பையோடு நிற்பது பக்கத்தில் இருப்பவருக்கும் இடைஞ்சல்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 7ஆம் தேதியிலிருந்து 14 வரை, தினமும் காலை எட்டு மணிக்கு. சாந்தோ தொமிங்கோ பட்டியிலிருந்து காளைப்போர் அரங்கம்வரை 875 மீட்டர். ஆறு போர்க்காளைகள், வழிகாட்டக் கூடவே பழக்கிய எருதுகள். ஒரு காளை பெரும்பாலும் அரை டன்னுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டடிக்க ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும்போது, சுவர் மாடத்தில் வைத்திருக்கும் சின்ன சான் ஃபெர்மின் சிலையைப் பார்த்து ஓடப்போகிறவர்கள் பாடுகிறார்கள். ஸ்பானிஷிலும் பாஸ்க் மொழியிலும். கையில் சுருட்டிய செய்தித்தாள். அதைத்தான் அவர்கள் சிலையை நோக்கி ஆட்டுகிறார்கள். பிறகு அதே காகிதம் காளைக்கும் தனக்கும் உள்ள தூரத்தை அளக்கும் கோலாகிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். விடியுமுன் வந்து இரண்டாவது வேலியில் இடம் பிடித்தேன். இரண்டு வேலிகளுக்கு நடுவில் முதலுதவிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்கள். அவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு ஓட்டத்தை யாரும் விளையாட்டென்று சொல்ல மாட்டார்கள். 1910இலிருந்து பதிவான சாவுகள் 16, கடைசியாக 2009இல். 1995இல் இறந்தவர் 22 வயது அமெரிக்கப் பயணி. இறந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்த முதலுதவிக்காரர்களும், பின்னால் காத்திருக்கும் மருத்துவர்களும்தான்.

எட்டரைக்குள் அயலூர்க் கூட்டம் கலையத் தொடங்கும். பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று என்று பஸ் நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். எனக்கு ஆதங்கமெல்லாம் அங்கேதான். ஊர்க்காரர்களின் திருவிழா அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

தச்சர்கள் வேலிப் பலகைகளைக் கழற்றுகிறார்கள். தெருவைக் கழுவுகிறார்கள். லா மான்யுவெத்தா என்ற சுர்ரோஸ் கடை முன்னால் வரிசை நிற்கிறது. 1872இலிருந்து இருக்கும் கடை. வருஷத்தில் ஒருசில நாள்தான் திறக்கும். விறகடுப்பில் ஆலிவ் எண்ணெய் கொதிக்க, மாவைச் சுருள் சுருளாகப் பிழிந்து எடுக்கிறார்கள். சூட்டோடு காகிதத்தில் கட்டிக் கொடுப்பதை வாங்கி, தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு நடக்கிறார்கள். எங்கே? ராட்சதப் பொம்மைகளைப் பார்க்க.

எட்டு பொம்மைகள், நான்கு ராஜா ராணி ஜோடிகள். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டத்துக்கு ஒரு ஜோடி. ததேயோ அமோரேனா என்ற உள்ளூர்க்காரர் 1860இல் செய்தவை; இன்றும் அவையே ஆடுகின்றன. தூக்கி நிறுத்தினால் சுமார் 4 மீட்டர் உயரம். பாவாடைக்குள் ஓர் ஆள் நுழைந்து, சட்டகத்தைத் தோளில் தாங்கி, இரட்டைச் சீவாளி வைத்த குழலுக்கும் மேளத்துக்கும் தகுந்தபடி சுழல்கிறார். சுழலும்போது ராணியின் கைகள் காற்றில் விரிகின்றன. கூடவே பெருந்தலைப் பொம்மைகள். இடுப்பில் குதிரை கட்டிய ஸால்திகோக்களும் உண்டு. நம் பொய்க்கால் குதிரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். கிலிகி என்ற வேடக்காரர்கள் பஞ்சு மெத்தை போன்ற மொத்துகோலால் பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், உடனே திரும்பி வந்து நிற்கிறார்கள்.

பொம்மையின் மணிக்கட்டைக் கவனியுங்கள். அதில் ரப்பர் சூப்பான்கள் கொத்தாகத் தொங்கும். சூப்பானை விடும் வயது வந்த பிள்ளை, அதை ராஜாவுக்கோ ராணிக்கோ கொடுத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். ஒரு பெண் குழந்தை கொடுக்கப் போய், பின்வாங்கி, அப்பா தோளில் முகம் புதைத்து, கடைசியில் கை நீட்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். காளைகள் ஓடியபோது அந்தத் தெருவில் இருந்த யாருக்கும் இப்படிப்பட்ட ஒரு கைதட்டல் கிடைக்கவில்லை.

காலையில் ஓடிய ஆறு காளைகளும் மாலை ஆறரைக்கு அரங்கில் கொல்லப்படுகின்றன. வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. அரங்கம் காசா தே மிசெரிகோர்தியா என்ற அறநிலையத்தின் சொத்து. டிக்கெட் வருமானம் அவர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறது. முதியவர்களைப் பேண ஊர் தேடிக்கொண்ட வழியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த டிக்கெட்டை நான் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். முதியோர் சோற்றுக்கு இந்த ரத்தம் தேவையில்லை.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2016 விழாவில் 18 வயதுப் பெண்ணை ஐந்து ஆண்கள் சேர்ந்து சிதைத்தார்கள். 2018இல் கீழ் நீதிமன்றம் அதைக் குறைந்த குற்றமாகத் தீர்ப்பளித்தபோது ஸ்பெயின் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அதை வன்புணர்வு என்றே சொல்லி 15 ஆண்டு சிறை விதித்தது. சம்மதம் என்பதை மையமாக வைத்து 2022இல் புதுச் சட்டமே வந்தது. இன்று ஊரெங்கும் விரித்த சிவப்புக் கைச் சின்னம் ஒட்டியிருக்கிறது. தொந்தரவைச் சகிக்க மாட்டோம் என்பது அதன் பொருள். ஏதாவது நடந்தால் சத்தம் போடுங்கள், ஊர் உங்கள் பக்கம் நிற்கும்.

போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஓடாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் பஸ் ஏறிவிடவும் செய்யாதீர்கள். பொம்மைகள் காலை ஒன்பதரை மணி வாக்கில் கிளம்பும். அதுவரை சுர்ரோஸ் வரிசையில் நிற்கலாம்.