திரும்பும் இடம் தெரிந்த பயணம்

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ‘கேனிங் கால்நடைத் தடம்’ என்றொரு பாலைவனப் பாதை உள்ளது. விலுனா என்னும் சிற்றூரில் தொடங்கி, வடக்கே ஹால்ஸ் கிரீக் நகரை நோக்கிச் செல்லும் அதன் நீளம் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவில் ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லைவரை செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 800 கிலோமீட்டரைக்கூட எட்டாது. அந்த நெடுஞ்சாலையில் வழிநெடுக எண்ணெய் நிலையங்களும் ஓய்விடங்களும் உணவுக்கடைகளும் இருக்கின்றன. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட கேனிங் தடத்தில் தார்ச்சாலை கிடையாது. நூற்றுக்கணக்கான மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். நாள் முழுவதும் ஓட்டினாலும் எதிரே ஒரு வாகனம்கூட வராமல் போகலாம்.

இத்தகைய பாதையிலும் ஆண்டுதோறும் மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களில் பலர் நான்கு சக்கர இயக்க வாகனங்களில் பயணம் செய்கின்றனர். அவர்களுள் சிலர், “வலுவான வாகனமும் துணிவான மனமும் இருந்தால் போதும், எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்தால் பயணத்தில் என்ன சுவை இருக்கும்?” என்று கேட்கின்றனர். கேட்பதற்கு இக்கருத்து கவர்ச்சியாகத்தான் உள்ளது. ஆயினும், பாலைவனத்தைப் பொறுத்தவரை இது தவறான கருத்து மட்டுமன்று, ஆபத்தான கருத்தும் ஆகும். திட்டமிடுதல் பயணத்தின் சுவையைக் குறைப்பதில்லை. பயணம் தொடர்வதற்கும் பயணிகள் வீடு திரும்புவதற்கும் அதுவே அடிப்படை.

முதலில் எரிபொருளை எடுத்துக்கொள்வோம். விலுனாவிலிருந்து புறப்படும் வாகனம், தடத்தின் இடையே உள்ள குனவரிட்ஜி என்னும் பூர்வகுடிக் குடியிருப்பை அடைந்தால்தான் மீண்டும் டீசல் நிரப்ப முடியும். அதற்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வாகனம், மணலில் 20 லிட்டரோ அதற்கு மேலோ குடிக்கும். ஆகவே குறைந்தது 200 லிட்டர் டீசல் தேவை. எதிர்பாராத தடங்கலுக்காக இன்னும் 50 லிட்டர் சேர்த்தால் மொத்தம் 250 லிட்டர். அதன் எடை மட்டும் 200 கிலோகிராமைத் தாண்டும்.

அடுத்தது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இருவர் 14 நாள்கள் பயணம் செய்ய 196 லிட்டர் வேண்டும். அது ஏறக்குறைய 196 கிலோகிராம் எடை. இவற்றோடு உணவு, கூடாரம், கருவிப்பெட்டி, இரண்டு உபரி டயர்கள் ஆகியவையும் சேர வேண்டும். எல்லாவற்றையும் அளவின்றி ஏற்றினாலோ தகரக்கூரையைப்போல் நெளிநெளியாகக் கிடக்கும் தரையில் வாகனத்தின் வில்சுருள்கள் உடைந்துபோகும். குறைவாக எடுத்துச் சென்றாலும் ஆபத்து. கூடுதலாக எடுத்துச் சென்றாலும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் இடையே சரியான அளவைக் கண்டறிவதே திட்டமிடுதல். துணிச்சல் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கு மாறிவிடாது.

கணக்குப் போட்டுவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கணக்குத் தவறும்போது என்ன செய்வது என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மேற்கூறிய வாகனம் எதிர்பார்த்ததைவிட மென்மையான மணலில் சிக்கி, 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்குப் பதிலாக 30 லிட்டர் குடிக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 250 லிட்டரில் அது ஏறத்தாழ 830 கிலோமீட்டர்தான் ஓடும். 300ஆவது கிலோமீட்டரில் இதைக் கவனித்த ஓட்டுநர் வண்டியைத் திருப்பினால், கையில் 160 லிட்டர் இருக்கும். திரும்புவதற்கு 90 லிட்டர் போதும். அவர் 415 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டாலோ நிலைமை வேறு. அதன்பின் முன்னே உள்ள குடியிருப்பையும் அடைய முடியாது. புறப்பட்ட ஊருக்கும் திரும்ப முடியாது.

அந்த இடத்தில் அறிவிப்புப் பலகை எதுவும் இருக்காது. மற்ற மணல்மேடுகளைப் போலவே அங்கும் ஒரு மணல்மேடுதான் நிற்கும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பயணிகள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாலைவனத்தில் மிகப் பெரிய தவறு பெரும்பாலும் இப்படி எந்த ஓசையும் இல்லாமல்தான் நிகழ்கிறது. எனவே, “இந்த இடத்திற்குள் இவ்வளவு எரிபொருள் செலவாகியிருந்தால் திரும்பிவிடுவோம்” என்று வீட்டில், அமைதியான மனநிலையில், தாளில் எழுதி வைப்பது அவசியமாகிறது. வெப்பமும் களைப்பும் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், மனிதர் நல்ல முடிவு எடுப்பது கடினம்.

கடந்தகால நிகழ்வு ஒன்று இதை வேதனையோடு உணர்த்துகிறது. தென் ஆஸ்திரேலியாவின் மாரி என்னும் ஊரையும் குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் என்னும் ஊரையும் இணைக்கும் பாதை ஏறத்தாழ 517 கிலோமீட்டர் நீளமானது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கோடையில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் அப்பாதை வழியாகக் காரில் சென்றனர். அவர்கள் வழி தவறினர், பெட்ரோல் தீர்ந்தது. வாகனத்தை விட்டு விலகிச் சென்ற அவர்கள் ஐவரும் தாகத்தால் உயிரிழந்தனர். நிழல் தருவதும் வானிலிருந்து எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதும் வாகனமே என்பதால், அதைவிட்டு நகரக்கூடாது என்பது இன்று பாலைவனப் பயணிகளுக்குக் கூறப்படும் முதல் விதிகளுள் ஒன்று. எத்தனையோ இழப்புகளுக்குப் பிறகு உருவான விதி அது.

“அது அந்தக் காலம். இப்போது செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடத்தைக் காட்டும் அவசர அழைப்புக் கருவியும் இருக்கிறது” என்று சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. திறன்பேசிக்குத் தொடர்பே கிடைக்காத இடங்களில் இக்கருவிகள் பல உயிர்களைக் காக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்லாமல் புறப்படுவது அறியாமையே ஆகும். ஆயினும், கருவி செய்தியை நொடியில் அனுப்பும். உதவி நொடியில் வந்து சேராது. மீட்புக் குழுவினர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வர வேண்டும். அதுவரை பயணிகளை உயிரோடு வைத்திருப்பது அவர்கள் கொண்டுவந்த தண்ணீரே. மேலும், ஒருவரின் கவனக்குறைவுக்காக முன்பின் அறியாத பலர் தங்கள் உயிரைப் பணயம் வைத்து வருகின்றனர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கருவியையும் முன்னேற்பாட்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவையே நல்ல சான்று. ஜான் ஃபிளின் என்னும் சமயப் போதகரின் முயற்சியால் 1928ஆம் ஆண்டு க்ளோன்கரி என்னும் ஊரில் அது தொடங்கியது. தொலைதூரப் பண்ணைகளில் மின்சாரம் இல்லை என்பதால், ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை உருவாக்கினார். பின்னர், பண்ணைகளில் மருந்துப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் தரப்பட்டது. வானொலியில் மருத்துவர் எண்ணைச் சொன்னதும், பண்ணையில் இருப்பவர் அம்மருந்தை எடுத்துக் கொடுக்க முடிந்தது. விமானம் வந்து சேரும் முன்பே சிகிச்சை தொடங்கியது. பெட்டி முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால், வானொலியால் மட்டும் என்ன பயன் கிடைத்திருக்கும்?

திட்டமிடுதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது, நிலத்தை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. கேனிங் தடத்தின் வரலாறு இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 1906ஆம் ஆண்டு நில அளவையாளர் ஆல்ஃபிரட் கேனிங், கால்நடைகளை ஓட்டிச் செல்ல வழி தேடிப் புறப்பட்டார். பாலைவனத்தில் தண்ணீர் எங்கே ஊறும் என்பது அவருக்குத் தெரியாது; தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்குத் தெரியும். அவரது குழுவினர் அம்மக்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி, நீர்நிலைகளைக் காட்டச் செய்தனர். இதுபற்றி 1908ஆம் ஆண்டு அரச ஆணையம் விசாரித்தது. கேனிங் பழியிலிருந்து விடுவிக்கப்பட்டாலும், அந்த வடு நீங்கவில்லை. பிறகு அத்தடத்தில் தோண்டப்பட்ட 51 கிணறுகளுள் பல, அம்மக்கள் காத்துவந்த நீர்நிலைகளின் மீதே அமைந்தன.

இன்று அத்தடத்தில் செல்வதற்கு, நிலவுரிமை பெற்ற பூர்வகுடி மக்களின் அமைப்புகளிடம் அனுமதிச்சீட்டு பெற வேண்டும். சில பயணிகள் இதைத் தேவையற்ற நடைமுறையாகக் கருதிச் சலித்துக்கொள்கின்றனர். அது சரியன்று. அன்று வலிந்து பறிக்கப்பட்ட ஒன்றை இன்று முறையாகக் கேட்டுப் பெறுவது நியாயம். எந்தக் கிணற்றில் இப்போது நல்ல நீர் இருக்கிறது, எந்தப் பகுதி மழையால் மூடப்பட்டிருக்கிறது, எந்த இடம் புனிதமானது என்பனவற்றை அறிய அதுவே சிறந்த வாயிலும் ஆகும். டயரின் காற்றைக் குறைத்து மணலில் மெதுவாக ஓட்டுவதுகூட அந்த நிலத்துக்குச் செய்யும் மரியாதைதான். காற்றுக் குறைந்த டயர் அகன்று படிவதால் வண்டி புதைவதும் குறைகிறது. மணல்மேடு சிதைவதும் குறைகிறது.

எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட முடியாது என்பது உண்மையே. எதிர்பாராத மழை வரலாம். புத்தம்புதிய உதிரிப்பாகமும் உடையலாம். ஆனால், எதிர்பார்க்கக்கூடியவற்றை முன்பே முடித்து வைத்தவருக்கே எதிர்பாராததைச் சந்திக்கத் தேவையான தண்ணீரும் நேரமும் தெளிந்த மனமும் மிஞ்சும். இரவில் மணல்மேட்டின் மீது அமர்ந்து, நகர வெளிச்சம் தீண்டாத வானத்தை அச்சமின்றி அண்ணாந்து பார்க்கக்கூடியவரும் அவரே. கையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த வானம் அழகாகத் தோன்றாது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் ஆற்றையும் குளத்தையும் பார்த்துச் சொன்ன பழமொழி. நீரே இல்லாத பாலைவனத்துக்கும் அது பொருந்துகிறது. பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவரைப் பார்த்துச் சிலர் நகைக்கலாம். ஆனால், அவர் அடுத்த ஆண்டு கூடுதல் டீசலோடு மீண்டும் புறப்பட முடியும். 415ஆவது கிலோமீட்டரில் திரும்பத் தெரிந்தவரே துணிவுள்ள பயணி.