வீரக்கலை பயிற்றும் முறை

சிலம்பம், மல்யுத்தம், ஜூடோ முதலிய கலைகளை இளைஞர்க்குப் பயிற்றும் ஆசான்மாரிற் பலர், தாம் எவ்விதம் கற்றனரோ அவ்விதமே பிறர்க்கும் கற்பிக்கின்றனர். தம் மேனியில் விழுந்த அடிகளை எண்ணிக் காட்டி, அவையே தமக்குப் பாடமாயின என்று பெருமை பாராட்டுவாரும் உளர். இக்கொள்கை நமக்கு உடன்பாடன்று.

ஜப்பான் தேசத்து ஜிகோரோ கானோ என்பாரின் சரித்திரம் இங்குக் கருதத்தக்கது. 1860-ம் ஆண்டிற் பிறந்த அவர் சிற்றுருவினர். இளமையில் ஜுஜுத்ஸு கற்கச் சென்றபோது, முதல் ஆசான் அவரை ஓர் உபாயத்தால் வீழ்த்தினார். கையை எங்கே வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று மாணவர் வினவ, ஆசான் விடை கூறாது மீண்டும் எறிந்தார். மறுபடி வினவ, மறுபடியும் எறிந்தார். பன்முறை விழுந்தாற் தானே விளங்கும் என்பது அவர் கருத்து. கானோ மனந்தளராது கற்றார், மெய்யே. ஆயினும் அத்தகைய உள்ளுறுதி வாய்ந்தார் எத்தனைபேர்? எஞ்சியோர் மறுநாள் களத்திற்கு வாரார்.

1882-ல் தோக்கியோ நகரத்துப் பௌத்த ஆலயமொன்றில், பன்னிரண்டு பாய் கொள்ளும் அறையில், கானோ தம் கோடோக்கான் பயிற்சிச்சாலையைத் தொடங்கினார். ஆசிரியர்களை ஆக்கும் கலாசாலைக்கு நெடுங்காலம் தலைவராயிருந்தவர் அவர். ஆதலின் மற்போரையும் உபாத்தியாயரின் கண்கொண்டே நோக்கினார். ஜூடோவில் எறியக் கற்குமுன் விழக் கற்கவேண்டும். மோவாயை மார்போடு சேர்த்து, உடலை வளைத்து உருட்டி, கையால் தரையை அறைந்து விழுபவனுக்குத் தலையில் அடிபடுவது அரிது. விழுதற்கு அஞ்சுபவன் உடலை விறைப்பாக்குகிறான். விறைத்த உடலே நோகிறது. அச்சம் நீங்கிய பின்னரன்றோ கைத்திறன் கைகூடும்! மேலும், 1895-ல் எறிமுறைகள் ஐந்து தொகுதிகளாக வகுக்கப்பட்டன. உயிர்க்கு ஊறு செய்யும் தாக்குதல்கள் வரையறுத்த ஒப்பனைப் பயிற்சிக்கே உரியவாயின. ஏனையவற்றை மாணவர் முழுவலிமையோடும் பழகலாயினர். இதனால் கலை மென்மையாயிற்றென்று எவரும் சொல்லார்.

நம் சிலம்பத்திலும் இம்முறைக்கு இடமுண்டு. காலடிச் சுவடு பழகாதவன் கையிற் கம்பு சுமையே. இஃது ஆசான்மார் அனைவரும் அறிந்ததே. எனினும் பொறுமையற்ற சிலர் முதல்வாரத்திலேயே மூத்த மாணாக்கன் எதிரில் புதியவனை நிறுத்திவிடுகின்றனர். அவ்விதம் நிறுத்தப்பட்ட இளைஞர் ஒருவர் விரல் முறிந்து வீடு திரும்பியதை நாம் அறிவோம். அவர் பின்னர்க் கம்பைத் தொடவேயில்லை. ஆசான் அவரைக் கோழை என்றனராம். நாமோ, குறை ஆசானிடத்ததே என்போம்.

இதற்கு மறுதலையான குற்றமும் உண்டு. அது எம்போன்ற கல்லூரி உபாத்தியாயர்க்கு மிகவும் பழக்கமானது. அரைமணி நேரம் பிரசங்கம் செய்து, மாணவர் கால்கள் குளிர்ந்தபின் ஆடச் சொல்லுதல் கூடாது. ஒருமுறை மெல்லச் செய்து காட்டுக. ஒரு பிழையை மட்டும் சுட்டுக. உடனே மீண்டும் செய்விக்க. ஐந்து பிழைகளை ஒருங்கே சுட்டினால் ஒன்றும் திருந்தாது.

இறுதி நுணுக்கத்தை மட்டும் தமக்கென மறைத்துவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அவ்விதம் மறைத்த ஆசானோடு அந்நுணுக்கமும் சுடுகாடு செல்கிறது.

நம் கல்லூரியில் இக்கலைகளுக்கு ஆசான் ஒருவரை நியமிக்கும்போது, அவர் பெற்ற பதக்கங்களை எண்ணுவதோடு விளையாட்டுக் குழுவினர் அமைந்துவிடலாகாது. அவரிடம் வந்து ஒரு திங்களேயான மாணவன் எவ்விதம் நிற்கிறான், எவ்விதம் விழுகிறான் என்பதை நேரிற் சென்று பார்த்துவருமாறு வேண்டுகிறோம்.