"அல்கஹோல்" என்று கண்டதும் பிள்ளையின் கிறீமை வீசாதீர்கள்



கிறீம் போத்தல் ஒன்றின் பின்பக்கப் படம் நமது கனமூலை வட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. "சீட்டைல் அல்கஹோல்" என்ற வரியைச் சிவப்பால் வட்டமிட்டு, "ஹராம், பாவிக்காதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அனுப்பியவர்களில் எத்தனை பேர் அது என்னவென்று விசாரித்தார்கள்? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டிருந்தாலே போதுமே!

அல்கஹோல் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாராயத்தில் இருப்பது எதனோல், அதில் 2 காபன் அணுக்கள். சீட்டைல் அல்கஹோலில் 16. மெழுகு போல வெள்ளைக் கட்டியாக இருக்கும், 49 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும். போதை தராது. 1817இல் பிரான்சின் செவ்ரல் இதைத் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகிலிருந்து பிரித்தெடுத்தார். (ஷாஃபி மத்ஹபுக்காரர்களான நமக்குத் திமிங்கிலத்திலும் பிரச்சினை இல்லை.) இன்று பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருகிறது. கிறீமில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைத்திருக்கும், தோலின் ஈரம் காயாமல் காக்கும். மிகச் சிலருக்கு ஒவ்வாமை வரலாம்; அரிப்போ சிவப்போ கண்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தக் கொழுப்பு தாவரத்தினதா, விலங்கினதா? ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. கம்பனியிடம் கேளுங்கள், உலமாக்களிடம் கேளுங்கள். பெயரை மட்டும் பார்த்துப் பத்வா கொடுக்க நாம் யார்?

முழங்கை மடிப்பில் கரப்பான் வந்து, எழுதவும் முடியாமல் சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம். டாக்டர் தந்த கிறீமை இப்படியொரு படத்தை நம்பி நிறுத்தினால் அவதிப்படுவது அந்தப் பிள்ளைதான். தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் மருந்துக்குப் பதிலாகாது.

இவ்வளவு பேணுதல் உள்ள நாம், கல்யாணத்துக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு லேபலே இல்லாத வெள்ளையாக்கும் கிறீமை வாங்கிக் கொடுக்கிறோமே, அதைப் பற்றி எந்த குரூப்பிலாவது ஒரு வட்டம் போட்டோமா? அப்படிப்பட்ட கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளையையும் போய்ச் சேரும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்துவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. கடைகளிலும் ஒன்லைனிலும் இன்னும் கிடைக்கிறது.

உம்மாமாரே, வீட்டில் இருக்கும் டப்பாவை இன்றே எடுத்துப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் இல்லையென்றாலோ, "தங்கம், வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம்" என்று எழுதியிருந்தாலோ பூச வேண்டாம். அந்த எச்சரிக்கை பாதரசம் இருப்பதற்கான அடையாளம் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லியிருக்கிறது.