டீசல் டேங்க்கைச் சோதிக்க யார் காசு?

கலிஃபோர்னியாவில் ஒரே இடத்தில் 1,320 கேலன், அதாவது சுமார் 5,000 லிட்டர் டீசல், பெட்ரோல் தரைக்கு மேல் இருந்தாலே கண்காணிப்பு உண்டு. 55 கேலன் பேரல்கூட கணக்கில் வரும். 2008-ல் இந்தப் பொறுப்பு மாநில நீர் வாரியங்களிடமிருந்து கவுண்டி, நகர அமைப்புகளுக்குப் போனது. வேலை வந்தாச்சு, சம்பளம்? முக்கியமாக டேங்க் வைத்திருப்பவர் கட்டும் கட்டணம்தான்.

கட்டணத்தை ஏத்தினால் சின்ன பட்டறைக்காரர் முணுமுணுப்பார். குறைத்தால் ஆய்வுக்குப் போக ஆள் இருக்காது. 10,000 கேலனும் அதற்கு மேலும் என்றால் மூணு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு கட்டாயம். சின்ன இடங்களுக்கு அந்தக் கெடு இல்லை. பணம் சுருங்கினால் முதலில் விடுபடுவது அவைதான். கொள்ளளவுக்கு ஏற்ற கட்டணமே நியாயம். பெரிய டேங்க்காரர் கூடுதலாகக் கட்டட்டும்.