பயோடீசலில் மறைந்திருக்கும் எண்ணெய்!

தாமல் வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள்தான். 2030-க்குள் டீசலில் 5% பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. நல்லதுதான். ஆனால் அந்தப் பயோடீசலில் முழுதாக மாறாத தாவர எண்ணெய் தங்கியிருந்தால்? அது சரியாக எரியாமல் இன்ஜெக்டரில் கரியாகப் படியும். லாபம் விற்றவருக்கு, செலவு லாரிக்காரருக்கு!

கண்ணுக்குத் தெரியாத இதை வெப்ப எடைப் பகுப்பாய்வு காட்டிக்கொடுக்கும். சில மில்லிகிராமை நைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால், பயோடீசல் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குள் ஆவியாகிவிடும். எண்ணெய் அதைத் தாண்டித்தான் எடை இழக்கும். அங்கே குறையும் எடையே கலப்பின் அளவு.

பாலுக்குக் கொழுப்பு பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? பயோடீசல் பில்லிலும் இந்தச் சதவீதம் இருக்கட்டும்.