ரேம் விலை எகிறிப்போச்சு... பட்ஜெட்டில் முதல் கேமிங் பிசி: எதில் சிக்கனம், எதில் கவனம்?

வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் பலருக்கும் வரும் ஆசை இது: "சொந்தமா பார்ட்ஸ் வாங்கி ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணணும்." பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று ஃபோனில் ஒரு பட்டியல் தயாராகும். கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேரும். ஆனால், 2025 நடுவில் போட்ட பட்டியலை இப்போது எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் விலை பார்த்தாலும் சரி, ஒரு வரி மட்டும் கணக்கில் உதைக்கும். அது ரேம்.

இத்தனை நாள் பட்டியலில் யாரும் பெரிதாக யோசிக்காத வரி அது. கிராபிக்ஸ் கார்டுக்கு மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ரேமைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது மொத்த பட்ஜெட்டையும் அந்த ஒரு வரிதான் ஆட்டிவைக்கிறது.

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகில் தயாராகும் மெமரி சிப்களில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு 'ஹெச்பிஎம்' என்ற சிறப்பு மெமரி தேவை. ஒரே அளவு மெமரியை ஹெச்பிஎம் ஆகத் தயாரிக்க, சாதாரண டிடிஆர்5-ஐவிடச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் செலவாகிறது. ஆனால் லாபம் அதில்தான் அதிகம். எனவே, தொழிற்சாலைகளின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

2025 அக்டோபர் 1 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் தனது 'ஸ்டார்கேட்' திட்டத்துக்காக சாம்சங், எஸ்கே நிறுவனங்களுடன் கைகோத்தது. மாதம் 9 லட்சம் வேஃபர் வரை என்பது அதில் பேசப்பட்ட இலக்கு. டிசம்பர் 3 அன்று மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 'குரூஷியல்' பெயரில் ரேம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலிலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. 2025 நடுவில் அமெரிக்கச் சந்தையில் சுமார் 100 டாலருக்குக் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆண்டு முடிவதற்குள் 300 டாலரைத் தாண்டியது.

"அப்போ பழைய டிடிஆர்4 வாங்கிக்கலாமே?" என்று தோன்றும். அதுவும் தப்பவில்லை. டிடிஆர்4 உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தும் வேலையை நிறுவனங்கள் 2025-லேயே தொடங்கிவிட்டதால், அதன் விலையும் ஏறியது. எஸ்எஸ்டியில் இருக்கும் சிப்களுக்கும், கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் மெமரிக்கும் இதே நெருக்கடிதான்.

பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

கடையில் இல்லை, மானிட்டரிலிருந்து. 24 இன்ச், 1080பி மானிட்டரில் விளையாடப்போகும் ஒருவர், 1440பி-க்கு ஏற்ற கார்டு வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அடுத்து, என்ன கேம்? வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவை பிராசஸரை அதிகம் கேட்கும். நடுத்தரக் கார்டிலேயே நன்றாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்ற கதை கேம்கள் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால் பாதிப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

அதன் பிறகு ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். பின்னால் சுலபமாகச் சேர்க்கவோ மாற்றவோ முடிந்த பார்ட்ஸில் இப்போது சிக்கனம். மாற்றினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டிய பார்ட்ஸில் கவனம். ரேம், எஸ்எஸ்டி முதல் வகை. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டாவது வகை.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ?

இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தாது. எந்த ரேம் என்று முடிவு செய்யும்போதே எந்த மதர்போர்டு, எந்த பிராசஸர் என்பதும் முடிவாகிவிடுகிறது. அதனால் மூன்றையும் தனித்தனியாக விலை பார்க்காமல், ஒரு செட்டாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

டிடிஆர்4 செட்டில் பட்ஜெட்காரர்களின் தேர்வு, ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப். இரண்டுமே 2022-ல் வந்தவை, 6 கோர்கள் கொண்டவை, 1080பி கேமிங்குக்கு இன்றும் போதுமானவை. டிடிஆர்5 செட்டில் ரைசன் 5 7600 போன்றவை வரும். இவை பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதாவது, சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டை மாற்றாமலேயே புது பிராசஸர் போடலாம்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ரேம் சும்மா கிடக்கிறதா? அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், டிடிஆர்4 செட்தான் லாபம். முதலிலிருந்து எல்லாமே வாங்க வேண்டுமென்றால், இரண்டு செட்டின் கூட்டுத்தொகையையும் ஒரே நாளில், ஒரே கடையில் கேளுங்கள். வித்தியாசம் சிறியதென்றால் டிடிஆர்5. அந்த வித்தியாசத்தில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்த முடியுமென்றால் டிடிஆர்4.

எத்தனை ஜிபி போதும்?

விலை சரிந்திருந்த காலத்தில் "32 ஜிபி போட்டுடு" என்பதுதான் பொதுவான அறிவுரை. இப்போது 16 ஜிபியில் தொடங்குவதே புத்திசாலித்தனம். பெரும்பாலான கேம்கள் அதில் ஓடும். பின்னணியில் முப்பது பிரவுசர் டேப் திறந்து வைக்காமல் இருந்தால் சரி.

அதை எப்படி வாங்குவது என்பது முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள டிடிஆர்4 போர்டு என்றால் 8 ஜிபி இரண்டாக வாங்கலாம். வேகமும் கிடைக்கும், இரண்டு ஸ்லாட் மிச்சமும் இருக்கும். டிடிஆர்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ரேமின் வேகம் குறைந்துவிடும். எனவே, அங்கே 16 ஜிபி ஒரே ஸ்டிக் வாங்கிவிட்டு, விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொன்றைச் சேர்ப்பது நல்லது. அதுவரை சில கேம்களில் ஃபிரேம் கொஞ்சம் குறையும். அது தற்காலிக இழப்புதான்.

இன்னொரு விஷயம்: ரேம் தன் முழு வேகத்தில் தானாக ஓடாது. பயாஸுக்குள் போய் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். கூடுதல் காசு கொடுத்து வேகமான ரேம் வாங்கிவிட்டு, இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய.

கிராபிக்ஸ் கார்டு பின்னால் வாங்கிக்கலாமா?

கார்டு இல்லாமல், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட பிராசஸரில் தொடங்குவது பழைய சிக்கன வழி. ஆனால், அந்த கிராபிக்ஸ் தனக்கான மெமரியை ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஸ்டிக், நல்ல வேகம், கூடுதல் ஜிபி என்று எல்லாம் கேட்கும். ரேம் விலை ஏறியிருக்கும்போது இந்த வழியின் லாபம் சுருங்கிவிடுகிறது. ரைசன் 5 5600ஜி வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது பிசிஐஇ 3.0 மட்டுமே கொண்டது. பின்னால் போடும் சில புதிய கார்டுகள் முழு வேகம் தராது.

கார்டில் கவனிக்க வேண்டியது அதன் சொந்த மெமரி. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டில் 8 ஜிபி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 8 மற்றும் 16 ஜிபி என இரண்டு வகைகளில் வருகிறது. அறிமுகத்தின்போது இந்த இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 50 டாலர்தான். இன்டெல் ஆர்க் பி580-ல் 12 ஜிபி. ரேமைப் போல கார்டின் மெமரியைப் பின்னால் கூட்டவே முடியாது. புதிய கதை கேம்கள்தான் குறி என்றால், ரேமில் மிச்சம் பிடித்த காசைப் போட வேண்டிய இடம் இது. வேலரன்ட் மட்டும்தான் என்றால் 8 ஜிபி தாராளம்.

பழைய பி450 போர்டில் 8 லேன் மட்டுமே பயன்படுத்தும் ஆர்டிஎக்ஸ் 5060-ஐப் போட்டால் சில கேம்களில் தடுமாறும். பி550 போர்டு என்றால் இந்தக் கவலை குறைவு.

எதில் கை வைக்கக் கூடாது?

எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமாகும் பணம் சொற்பம். அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். இந்த வகை கார்டுகளுக்கு நல்ல நிறுவனத்தின் 550 வாட் போதும். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. எனவே, வாரன்டி எத்தனை ஆண்டு என்றும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் பிராசஸரின் வயதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையவை, கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி தேவை. விண்டோஸ் 11-ல் வேலரன்ட் விளையாடவும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கட்டாயம். "ஐ7 பிசி, சீப் ரேட்" என்று வரும் 4-ம் தலைமுறை கம்ப்யூட்டர்களில் இதனால்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

புதிதாக வாங்கும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் தந்தால் 18% மிச்சம் என்று தோன்றும். ஆனால் வாரன்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

காத்திருக்கலாமா?

புது மெமரி தொழிற்சாலை கட்டி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டும் புதிய ஆலையில் 2027-ல்தான் உற்பத்தி தொடங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே, "அடுத்த மாசம் விலை குறையும்" என்று ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடுவதில் பெரிய பலன் இருக்காது. அதற்காக, கடன் வாங்கி 32 ஜிபி போட வேண்டிய அவசரமும் இல்லை.

இப்போதே ஓடும் ஒரு பிசி கையில் இருப்பவர்கள், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் மட்டும் வாங்கிப் போட்டு ஓட்டலாம். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள், 16 ஜிபியில் தொடங்கி ஒரு ஸ்லாட்டையாவது காலியாக விட்டுவைக்கலாம். இதுவரை பட்டியலின் கடைசி வரியாக இருந்த ரேமை முதல் வரியாக எழுதி, மீதிப் பணத்துக்கு மற்றதைத் தேர்வு செய்தால், ஆசைப்பட்ட பிசி பட்ஜெட்டுக்குள்ளேயே நிற்கும்.