ஒரு டாலர் குத்தகையில் ஒரு மலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது மீட்டர் தொலைநோக்கி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 492 கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து ஒரே ஆடியாக இயங்குவதைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். அந்தத் துண்டுகளின் நகர்வை அளக்கும் விளிம்பு உணரிகளைச் செய்யும் வேலை எங்கள் புதுச்சேரிக்குக் கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஹவாயில் மௌனா கேயா மலையின் மேல் இதைக் கட்டக் கூடாது என்று மறித்தவர்களை 'மூடநம்பிக்கையில் ஊறியவர்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனாரே, அதை ஏற்க முடியவில்லை. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாம் என்றவர்களைப் பற்றியும் இதே தொனியில்தான் எழுதினார்கள்.

இரண்டு பக்கக் கட்டுரையில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சண்டையின் நடுவில் நிற்பதே அதுதான். 1907-இல் வேளாண் கல்லூரியாகத் தொடங்கி, இன்று மூன்று பல்கலைக்கழக வளாகங்களும் ஏழு சமுதாயக் கல்லூரிகளுமாகத் தீவுகள்தோறும் பரவியிருக்கும் அரசு அமைப்பு. மாவியிலோ கவாயிலோ பிறந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, கடல் தாண்டிப் போக வசதி இல்லையென்றால், அரசு தரும் உயர்கல்வி என்பது இது ஒன்றே. அப்படிப்பட்ட நிறுவனம் ஒரு மலையை எப்படி நடத்தியது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான கேள்வியா?

முதலிலிருந்தே சொல்கிறேன். 1960 மே மாதம் சுனாமி தாக்கி ஹிலோ நகரில் 61 பேர் இறந்தார்கள். நொடித்துப் போன ஊருக்கு ஏதாவது தொழில் வர வேண்டுமே என்று அங்குள்ள வணிகர் சங்கத்தைச் சேர்ந்த மிட்சுவோ அகியாமா அமெரிக்க, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார்: எங்கள் மலை உயரமானது, வானம் தெளிவானது, வந்து பாருங்கள் என்று. அக்கறையோடு பதில் எழுதியவர் வானியலாளர் ஜெரார்ட் கைப்பர் ஒருவரே. 1964-இல் அவர் மலையுச்சியில் சோதித்துப் பார்த்து, இதைப்போல ஓர் இடம் கிடைப்பது அரிது என்றார். கைப்பர் இருந்த அரிசோனா பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் போட்டியிட்டும், அங்கே தொலைநோக்கி கட்டும் வேலையை நாசா ஹவாய் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தது. இதுவரை யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஊர் பிழைக்க வழி தேடியது, சிறிய பல்கலைக்கழகம் துணிந்து கை நீட்டியது.

குறை 1968-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மாநில அரசு உச்சிப் பகுதியில் 11,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை 65 ஆண்டுக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர். நிலம் யாருடையது? 1893-இல் அரசி லிலியோகலானியைக் கவிழ்த்து, 1898-இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டபோது கைமாறிய அரச நிலங்களில் ஒன்று. 1959-இல் ஹவாய் மாநிலமானபோது, அந்த நிலங்களைப் பொது அறக்கட்டளைச் சொத்தாக வைத்துக் காக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. அதற்கான நோக்கங்களில் பொதுக்கல்வியும் உண்டு, பூர்வகுடி ஹவாய் மக்களின் நலமும் உண்டு. பல்கலைக்கழகம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் உச்சியில் பதின்மூன்று தொலைநோக்கிகள் எழுந்தன. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், பிரிட்டன், ஜப்பான் என்று பல நாடுகள் வந்தன. பெரும்பாலானவர்கள் கொடுத்த உள்வாடகை பெயருக்குத்தான். அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர்களுக்குத் தொலைநோக்கி நேரத்தில் ஒரு பங்கு கிடைத்தது. அந்தப் பங்கை வைத்தே அதன் வானியல் நிறுவனம் உலகப் பெயர் பெற்றது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் உள்குத்தகை விட்டு நெல்லைத் தம் வீட்டுக் குதிரில் கொட்டிக்கொண்டு, கோயில் உண்டியலில் வருடம் ஒரு ரூபாய் போட்டால் நாம் என்ன சொல்வோம்?

சரி, பணம் போகட்டும், மலையையாவது காத்தார்களா? 1998-இல் மாநிலத் தணிக்கையாளரே இல்லை என்று எழுதினார். தொலைநோக்கி கட்டுவதில் காட்டிய அக்கறையைப் பல்கலைக்கழகம் மலையின் இயற்கையையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காப்பதில் காட்டவில்லை என்பது அந்த அறிக்கையின் சாரம். உச்சியின் சாம்பல் மேடுகளில் காற்று அடித்துக் கொண்டுவரும் பூச்சிகளைத் தின்று வாழும் வேகியு என்ற பறக்க முடியாத பூச்சி உலகில் வேறெங்கும் இல்லை. பழைய ஹவாய் மக்கள் கற்கோடரி செய்யக் கல் வெட்டிய குவாரி அங்கே இருக்கிறது. பிள்ளைகளின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய் வைக்கும் வையாவு ஏரியும் அங்கேதான். மலைக்கு வருவோர் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் பல்கலைக்கழகத்துக்கு 2009-இல் கொடுத்தது. விதிகள் நடைமுறைக்கு வந்தது 2020-இல்! விதி எழுதப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு அனுமதி வாங்க மட்டும் வேகமாக ஓடினார்கள். எதிர்ப்பாளர்களின் வாதத்தை முறைப்படி விசாரித்து முடிக்கும் முன்பே கொடுத்த அனுமதி செல்லாது என்று 2015 டிசம்பரில் ஹவாய் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணை நடந்து, 2018-இல் அதே நீதிமன்றம் புதிய அனுமதியை உறுதிசெய்ததையும் நான் மறைக்கவில்லை. எல்லா ஹவாய் மக்களும் எதிர்க்கிறார்கள் என்பதும் இல்லை.

ஆனால் 2019 ஜூலையில் மலைப்பாதையின் அடிவாரத்தில் கட்டுமானத்தை மறித்து உட்கார்ந்து கைதான முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்களை 'மூடநம்பிக்கையில் ஊறியவர்கள்' என்பது அபாண்டம். அந்தப் போராட்டக் களத்திலேயே, எரிமலைக் குழம்பு இறுகிய தரையில் கூடாரம் போட்டு, புவுஹுலுஹுலு பல்கலைக்கழகம் என்று பெயரிட்டு இலவச வகுப்புகள் நடத்தினார்கள். வரலாறு, சட்டம், மொழி, விண்மீன் பார்த்துக் கடலோடும் கலை எல்லாம் அங்கே பாடம். சொல்லிக்கொடுத்தவர்களில் ஹவாய் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் இருந்தார்கள்.

ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு உரிய நன்றியையும் சொல்லிவிடுகிறேன். 1896-இல் பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட ஹவாய் மொழியில் இன்று முனைவர் பட்டம்வரை படிக்க முடிகிறது என்றால், அதற்கு ஹிலோ வளாகத்தின் மொழிக் கல்லூரி முக்கியக் காரணம். தாய்மொழியை மீட்டெடுத்த மாணவர்கள் தங்கள் மலையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்பது நிர்வாகத்துக்கு ஏன் எதிர்பாராததாக இருந்ததோ, தெரியவில்லை.

மலையைப் பல்கலைக்கழகத்திடம் மட்டும் விட முடியாது என்பது மாநில அரசுக்கே புரிந்துவிட்டது. 2022-இல் இயற்றிய சட்டப்படி மலையின் பொறுப்பு ஒரு புதிய ஆணையத்துக்குப் போகிறது. பூர்வகுடி மக்களுக்கு அதில் இடம் உண்டு. 2028 ஜூலையோடு பல்கலைக்கழகத்தின் ஆட்சி முடிகிறது. பழைய குத்தகையோ 2033-இல் காலாவதியாகிறது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2014-இல் மத்திய அமைச்சரவை முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த தொகை ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய். திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நம்முடையது. திட்டம் வேறிடத்துக்குப் போவதையே இந்தியா விரும்புகிறது என்று 2020-இல் அன்றைய அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலர் வெளிப்படையாகப் பேசினார். ஸ்பெயினின் லா பால்மா தீவு மாற்றிடமாக ஏற்கெனவே தேர்வாகியிருக்கிறது. அங்கே கட்டினால் 40 கோடி யூரோ வரை தருவதாக அந்த நாடு 2025-இல் அறிவித்தது. அங்கே உயரம் கணிசமாகக் குறைவு என்பது உண்மைதான்.

காவலூர் தொலைநோக்கியைக் காட்ட மாணவர்களை அழைத்துப் போனவன் நான். வானியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்குதாரர் என்ற முறையில், அந்த மக்கள் மனமுவந்து சம்மதிக்காமல் மௌனா கேயாவில் ஒரு ரூபாய்கூடச் செலவிட மாட்டோம் என்று மத்திய அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தமிழகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். தாங்களும் அந்தக் கட்டுரையின் விடுபட்ட பாதியை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி.